இட்டூப்பின் இடது கால்

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று பாதிரியார் கழுவப்போகிற காலை முந்தின நாளே வீட்டில் தேய்த்துக் கழுவி வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். அன்றைக்கு ஜெருசலேமில் இயேசு கால் கழுவிய பன்னிரண்டு சீடர்களும் புழுதிக் காலோடுதான் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் மீனச்சிலாற்றங்கரையில் அதெல்லாம் நடக்காது. கால்கழுவலுக்குப் பெயர் வந்துவிட்டால் அந்த வீட்டில் மூன்று நாள் காலைப் பற்றித்தான் பேச்சு. நகத்தை வெட்டி, குதிகால் வெடிப்பை உரசி, தேங்காய் எண்ணெய் தடவி, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி தயார் செய்த காலைத்தான் தாம்பாளத்தில் நீட்டுவார்கள். அழுக்கே இல்லாத காலை ஃபாதர் எதற்கு ஐயா கழுவ வேண்டும் என்று கேட்டால் நம்மை முறைப்பார்கள்.

இட்டூப்பு பதினாறு வருஷமாக எங்கள் சர்ச்சில் அப்படிக் கால் நீட்டுகிற பன்னிரண்டு பேரில் ஒருவர். அரசு பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக நின்றே வாழ்ந்தவர். அறுபத்துநான்கு வயது. சர்க்கரை வந்து பதினெட்டு வருஷம், மனைவி ரோசம்மா இறந்து ஒன்பது வருஷம். மாப்பிள்ளை குவைத்தில் இருந்ததால் மகள் ஆன்சி அப்பாவோடு தங்கி, பக்கத்து ஆரம்பப் பள்ளியில் டீச்சர் வேலை பார்த்தாள். இட்டூப்பின் பாதங்களில் இருந்த உணர்ச்சியைச் சர்க்கரை எப்போதோ கொண்டுபோய்விட்டது. ஒருநாள் கடைத்தெருவிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார்.

"இன்னொரு செருப்பு எங்க, அப்பச்சா?" என்றாள் ஆன்சி.

குனிந்து பார்த்தபிறகுதான் அவருக்கே தெரிந்தது. "ஈராற்றுப்பேட்டை பஸ்ஸுல ஏறிப் போயிருக்கும். டிக்கெட் எடுத்துச்சோ என்னவோ."

அப்படிச் சிரித்துத்தான் எல்லாவற்றையும் தள்ளிவிடுவார். அந்த வருஷம் பெரிய புதனன்று அண்டாவில் வெந்நீர் போட்டு, குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். சூடு பதமாக இருக்கிறதா என்று பார்க்க முதலில் இடது காலை விட்டார். பதமாகத்தான் இருந்தது. அந்தக் காலுக்குக் கொதிக்கிற எண்ணெயும் பதமாகத்தான் இருந்திருக்கும். ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பத்து நிமிஷம் ஊறவைத்தார். உரசுகிற கல் கை நழுவித் தண்ணீரில் விழுந்தது. எடுப்பதற்காகக் கையை விட்டவர் "கர்த்தாவே!" என்று அலறிக் கையை உதறினார். அப்போதும் அவர் நினைத்தது கையைப் பற்றித்தான். காலை வெளியே எடுத்துப் பார்த்தபோது அது இறால் நிறத்தில் இருந்தது.

வலது கால் தப்பித்தது. ஃபாதர் கழுவுவதும் வலது காலைத்தான். மறுநாள் இடது கால் சாக்ஸுக்குள் கொப்புளத்தோடு ஒளிந்திருக்க, வலது கால் தாம்பாளத்துக்குப் போய் முத்தம் வாங்கித் திரும்பி வந்தது. அன்று மாலை வீட்டில், கர்த்தரின் கடைசி விருந்தை நினைத்து, பெசகா அப்பம் பிட்டு, வெல்லம் கரைத்த தேங்காய்ப்பால் குடிக்க வேண்டும். வீட்டுத் தலைவர் குடிக்காமல் யாரும் தொடக்கூடாது. இட்டூப்பு ஒரு டம்ளர் குடித்தார். இன்னொரு டம்ளரை ரோசம்மாவின் பங்கு என்று குடித்தார். ஈஸ்டருக்கு ஐம்பது நாள் நோன்பு முடிந்து, கள்ளப்பமும் இறைச்சியும் கேக்கும் வந்தன. நான்காவது வாரம் ஆன்சி துணி மடிக்கும்போது மூக்கைச் சுளித்தாள். எலி செத்துக் கிடக்கிறது என்று கட்டிலுக்கு அடியில் தேடினாள். கடைசியில் அப்பாவின் சாக்ஸைக் கழற்றினாள். மூன்று விரல்கள் கறுத்திருந்தன.

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷீபா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "முட்டிக்குக் கீழே எடுக்கணும், சேட்டா. தள்ளிப்போட்டா முட்டியும் போயிடும்."

அன்றைக்கே எடுக்கவும் முடியவில்லை. சர்க்கரை முந்நூற்று எண்பத்தாறு. இந்தச் சர்க்கரையோடு கத்தி வைத்தால் காயம் ஆறாது, சீழ் மேலே ஏறும் என்று, ஐந்து நாள் வார்டில் போட்டு, மூன்று வேளை ஊசி குத்தி, அளந்து கஞ்சி கொடுத்தார்கள். விரல்நுனியில் குத்திக் குத்தி இரத்தம் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தச் சின்ன மெஷினைப் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி ஆன்சி எட்டிப் பார்ப்பாள். ஆறாம் நாள் நூற்று அறுபதுக்கு வந்தது.

இட்டூப்புக்கு ஒரே கவலைதான். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வர்க்கியைக் கூப்பிட்டார். வர்க்கி ரோசம்மாவின் அண்ணன். ஒன்றாம் வகுப்பிலிருந்தே இட்டூப்பின் கூட்டாளி. பிறகு மைத்துனர் ஆகி, அந்த உரிமையில் நாற்பது வருஷமாகச் சண்டை போடுகிறவர்.

"அளியா, எடுத்த கால என்ன பண்ணுவாங்க?"

"உனக்குத்தான் தருவாங்க. வீட்டுக்குக் கொண்டுபோய் சூப்பு வைக்கலாம்."

"விளையாடாதடா. நம்ம குடும்பக் கல்லறைல வைக்கணும். ரோசம்மா பக்கத்துல. மத்தது வந்து சேர்ற வரைக்கும் அவ பாத்துக்கட்டும்."

கைகால் எடுத்தால் அதையும் கல்லறையில் வைப்பதுதான் எங்களிடம் முறை. கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது ஒற்றைக் காலோடு எழுந்து நிற்க முடியுமா? வர்க்கி இட்டூப்பின் போர்வையை இழுத்து விட்டார். "வைக்கிறேன்டா. சத்தியம்," என்றார்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். "ஏற்கனவே பாதி மரத்துத்தான் இருக்கு, பாதி மருந்து போதும்," என்று இட்டூப்பு சொன்னதற்கு அங்கே ஒருத்தரும் சிரிக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் பச்சைத் துணி. மயக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. எங்கேயோ ஒரு ரம்பச் சத்தம் கேட்டது, அது மேட்டில் ஏறுகிற பஸ்ஸின் சத்தமாக மாறியது. அவர் பஸ்ஸில் நின்றார். தோளில் பை, கையில் டிக்கெட் கட்டு. ஜன்னல் வழியே ஆறு பஸ்ஸின் கூடவே ஓடி வந்தது. ஸ்டாப்பே இல்லாத ஒரு வளைவில் பஸ் தானாக நின்றது. வெள்ளைச் சட்டையும் முண்டும் உடுத்து ரோசம்மா ஏறினாள். நனைந்த குடையை மடக்கி, பெண்கள் வரிசையில் உட்கார்ந்தாள்.

"எங்க போகணும்?" என்று கேட்டார் இட்டூப்பு. பெண்டாட்டி என்றாலும் டிக்கெட் டிக்கெட்தான்.

அவள் சில்லறைக்கென்று நீட்டிய அவர் கையைத் தாண்டிக் குனிந்து அவர் இடது காலைப் பார்த்தாள். அவரும் குனிந்து பார்த்தார். கால் அங்கேயே இருந்தது, சுத்தமாக, எண்ணெய் தடவி. அப்போது யாரோ "தையல்" என்றார்கள். பஸ் போய்விட்டது.

வெளியே ஆன்சி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். வர்க்கி ஒரு பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனார். மாலை திரும்பி வந்தவர், "ஆச்சு. ரோசம்மா பக்கத்துலயே வெச்சாச்சு," என்றார். இட்டூப்பு அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வர்க்கி கையை உருவிக்கொண்டு காப்பி வாங்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஷீபா இரண்டு விஷயம் சொன்னார். சர்க்கரை ஏறினால் தையல் பிரியும், அப்புறம் முட்டிக்கு மேலே எடுக்க வேண்டி வரும், அதற்கு இந்த இதயம் தாங்குமா என்று தான் உறுதி சொல்ல முடியாது. அது ஒன்று. மிச்சமிருக்கிற காலைத் தினமும் யாராவது கையில் எடுத்துப் பார்க்க வேண்டும், விரலிடுக்கு உட்பட. அது இன்னொன்று.

"கால ஃபாதர் தவிர யாரும் தொடக்கூடாது," என்றார் இட்டூப்பு. "வருஷத்துக்கு ஒரு தடவை அவர் பாக்கிறாரே, போதாதா?"

"அப்பச்சன் சொல்றத கேக்காதீங்க டாக்டர்," என்றாள் ஆன்சி.

"கேக்கல," என்றார் டாக்டர்.

மே மாதம் முழுக்க ஆன்சிக்கு லீவு. மூன்று வேளையும் அவளே இன்சுலின் பேனாவைத் திருகி அளவு வைத்து வயிற்றில் குத்தினாள். காயம் ஒழுங்காக ஆறிவந்தது. ஜூன் பிறந்ததும் மழையும் பள்ளிக்கூடமும் ஒன்றாகத் திறந்தன. காலையில் அவசர அவசரமாகக் கிளம்புகிறவளைப் பார்த்து, "நானே போட்டுக்கறேன் மோளே. எனக்குக் கையாவது இருக்கே," என்றார். அவளும் நம்பினாள்.

ஜூன் மாதத்து மழை எங்கள் பக்கத்தில் பொழுதையே கரைத்துவிடும். காலை எது, மதியம் எது என்று தெரியாது. கூரை ஓட்டில் ஒரே சத்தம், ஜன்னலில் ஒரே சாம்பல் நிறம். இட்டூப்பு கஞ்சி குடித்துவிட்டுக் கண்ணை மூடுவார். வர்க்கி ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு மணி பஸ்ஸில் வந்து, செய்தித்தாளைச் சத்தமாகப் படிப்பார். சாவுச் செய்திப் பக்கத்தில்தான் தொடங்குவார். யார் யார் போனார்கள், யாருக்கு எத்தனை பிள்ளைகள் வெளிநாட்டில், எந்த சர்ச்சில் அடக்கம் என்று அந்தக் குரல் போய்க்கொண்டே இருக்கும். நாலாவது ஆளுக்குள் இட்டூப்பு தூங்கிவிடுவார்.

அப்படி ஒரு மதியம்தான் அது முதலில் நடந்தது. அரைத்தூக்கத்தில் அவருக்கு இடது பாதத்தில் ஏதோ தெரிந்தது. இல்லாத இடது பாதம். நான்கைந்து வருஷமாக முள் குத்தியும் தெரியாத, வெந்நீரில் வெந்தும் தெரியாத பாதம். இப்போது அதில் காற்று படுவது தெரிந்தது. பிறகு ஒரு கை. அந்தக் கை குதிகாலை ஏந்திக்கொண்டது. கட்டைவிரல் உள்ளங்காலின் நடுவில் அழுத்தி, மெல்ல மேலே வந்து, ஒவ்வொரு விரலையும் பிடித்து இலேசாக இழுத்து விட்டது. கடைசியில் சுண்டுவிரலுக்கு மட்டும் இரண்டு தடவை.

அந்த இரண்டு தடவை ரோசம்மாவுடையது. முப்பது வருஷம், டியூட்டி முடிந்து வந்து கட்டிலில் விழுகிறவனின் காலை அவள் அப்படித்தான் பிடித்துவிடுவாள். சுண்டுவிரலுக்கு ஏன் இரண்டு என்று ஒருநாள் கேட்டதற்கு, "கடைக்குட்டி இல்லையா," என்றாள்.

இட்டூப்பு கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் போய்விடும் என்று பயம். மூடிய இமைக்குள்ளேயே கண்ணீர் வந்து காதுக்குள் இறங்கியது. கல்லறைக்குள் இருட்டும் ஈரமும் இருக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். அங்கே அவள் தன் காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உயிரோடு ஒட்டியிருந்தபோது செத்துக் கிடந்த கால் அவளிடம் போய் உயிர் பெற்றிருக்கிறது. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை வருஷம் ஆகிறது என்று அவருக்கே நினைவில்லை.

மறுநாளும் அவள் வந்தாள். அதற்கு மறுநாளும். தூக்கத்தில் பஸ் வரும், வளைவில் நிற்கும், அவள் ஏறுவாள், காலைப் பிடித்துவிடுவாள். "எங்க போகணும்?" என்று அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். ஒருநாள் அவளே கண்டக்டர் சீட்டைத் தட்டி, உட்கார் என்று காட்டினாள். விழித்தபோது அவருக்கு எல்லாம் தெளிவாகிவிட்ட மாதிரி இருந்தது. கால் முன்னால் போயிருக்கிறது. கூட மற்றதும் போக வேண்டியதுதான். இதற்குப் போய் வயிற்றில் ஊசி குத்திக்கொண்டு கிடப்பார்களா?

மனுஷன் தற்கொலை என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. அது பாவம், அவருக்குத் தெரியும். பேனாவை எடுப்பார், திருகுவார், ஜன்னலோரக் குரோட்டன் தொட்டியில் பீய்ச்சுவார். பிறகு அந்தச் சிரமமும் வேண்டாம் என்று விட்டுவிட்டார். பக்கத்து வீட்டிலிருந்து வரிக்கைச் சக்கை, நல்ல பலாப்பழம், வந்தது. மழைக்காலத்துச் சக்கைக்கு அவ்வளவு இனிப்பில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பதினோரு சுளை தின்றார். பதினோரு கொட்டையையும் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்தது மட்டும் எந்தக் கணக்கில் சேரும் என்று அவர் யோசிக்கவில்லை.

தையலோரம் நீர் கசியத் தொடங்கியது. டாக்டர் ஷீபா பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தார். "ரெண்டு வாரம் பாக்கறேன். இப்படியே இருந்தா மேல எடுக்கணும். வலது கால்லயும் ஒரு சிவப்பு தெரியுது, சேட்டா. நீங்க மனசு வெக்கணும்."

"மனசெல்லாம் வெச்சாச்சு டாக்டர்," என்றார் இட்டூப்பு, அமைதியாக. அந்த அமைதியைக் கேட்டுத்தான் ஆன்சி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த நாள் மதியம் வர்க்கி செய்தித்தாளை விரித்தபோது இட்டூப்பு, "இன்னைக்குப் படிக்காத. ஒண்ணு சொல்லணும்," என்றார்.

"சொல்லு."

"ரோசம்மா வர்றா."

வர்க்கி தாளை மடிக்கவில்லை. அதற்குப் பின்னாலிருந்து, "எங்க?" என்றார்.

"என் இடது கால்ல. தினமும் மத்தியானம். பிடிச்சுவிடறா. அவ கைதான் அளியா, எனக்குத் தெரியாதா? சுண்டுவிரலுக்கு ரெண்டு." இட்டூப்பு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ அவ பக்கத்துல வெச்சியே, அதுக்கு ஆண்டவர் உனக்கு நூறு மடங்கு தருவார். நான் போறேன்டா. ரொம்ப நாள் இல்ல. ஆன்சிகிட்ட சொல்லாத, கத்துவா."

செய்தித்தாள் மெல்ல மடிந்து கட்டில் ஓரத்துக்கு வந்தது.  பிறகு வர்க்கி எழுந்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று சொல்லிக் குடையைக்கூட எடுக்காமல் போய்விட்டார். திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

மறுநாள் வர்க்கி வரவில்லை. அன்று ரோசம்மாவும் வரவில்லை. இட்டூப்பு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தார். இடது பக்கத்தில் வெறும் துணிதான் இருந்தது. பஸ் வந்தது, வளைவில் நிற்காமல் போய்விட்டது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. கோபித்துக்கொண்டாளோ? சீக்கிரம் வா என்கிறாளோ? அன்று சாயங்காலம் அவர் இன்னும் ஆறு சுளை தின்றார்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. தலையணை உறையை மாற்ற வந்த ஆன்சியின் கையில் சக்கைக் கொட்டைகள் உருண்டன. அவள் நேராகப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்து பேனாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பத்து நாளில் தீர வேண்டிய பேனா. பதினாலு நாளாகிறது, பாதிக்கு மேல் இருக்கிறது. கணக்கு டீச்சரிடம் இதையெல்லாம் ஒளிக்க முடியுமா?

"ஏன் அப்பச்சா?" என்று கேட்டாள். கத்தவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். "அம்மா போனப்ப எனக்கு நீங்க இருந்தீங்க. நீங்களும் போயிட்டா நான் யார்கிட்ட சண்டை போடுவேன்?"

இட்டூப்புக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அவள் தலையைத் தடவினார், அவ்வளவுதான். ஆன்சி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். "அம்மாச்சா, உடனே வாங்க," என்று அவள் மாமனிடம் சொல்வது கேட்டது.

வர்க்கி இரண்டு மணி பஸ்ஸில் வந்தார். தலையெல்லாம் நனைந்திருந்தது. செய்தித்தாள் இல்லை. நேராகக் கட்டிலின் கால்மாட்டில் போய் உட்கார்ந்தார். ஆன்சி கதவில் சாய்ந்து நின்றாள்.

"கண்ண மூடு," என்றார் வர்க்கி.

"எதுக்கு?"

"மூடுடா."

மூடினார். கொஞ்ச நேரம் மழை. பிறகு வந்தது. இடது குதிகாலை ஒரு கை ஏந்திக்கொண்டது.  உள்ளங்காலில் கட்டைவிரல் அழுந்தி மேலேறியது. பெருவிரல், அடுத்தது, அடுத்தது.

"வந்துட்டாளா?" என்று கேட்டார் வர்க்கி.

"வந்துட்டா." அவர் சிரித்தார், கன்னமெல்லாம் நனைந்தது. "வந்துட்டா அளியா. சுண்டுவிரல்... ரெண்டு."

"இப்பக் கண்ணத் திற."

திறந்தார். வர்க்கியின் மடியில் அவருடைய வலது கால் இருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன டார்ச்சும் எண்ணெய்க் கிண்ணமும். வர்க்கியின் தடித்த விரல்கள் வலது சுண்டுவிரலைப் பிடித்திருந்தன. அந்தப் பிடி வலது காலில் கொஞ்சமும் தெரியவில்லை. இடது பக்கத்தில், போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தில், நன்றாகத் தெரிந்தது.

"டாக்டர் தினம் பாக்கச் சொன்னாங்க," என்றார் வர்க்கி, காலை விடாமல். "நீ முழிச்சிருந்தா தொட விடமாட்ட. அதனால தூங்கினதும் பாப்பேன். பாத்துட்டுக் கொஞ்சம் பிடிச்சும் விடுவேன். அவ்வளவுதான்டா. எனக்கு இது தெரியாது, சத்தியமா தெரியாது."

இட்டூப்பு அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அவருக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! காலை உருவப் பார்த்தார், முடியவில்லை. தலையணையை எடுத்து வீசினார்.

"திருடா! அவள என்கிட்ட இருந்து பறிச்சிட்டியேடா! சொல்லாம இருந்திருக்கலாம்ல? நான் சந்தோஷமா செத்திருப்பேன்ல?"

"அதனாலதான் ரெண்டு நாள் வரல. சொல்லாம விட்டுடலாமான்னு பாத்தேன்." வர்க்கி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "திட்டறதுன்னா மொத்தமாத் திட்டிடு. இன்னொண்ணும் இருக்கு."

"இன்னும் என்ன?"

"கால் கல்லறைல இல்ல."

கதவருகே ஆன்சி "அம்மாச்சா!" என்றாள்.

"ஃபாதர் தியானத்துக்குப் போயிருந்தார். அவர் கடுதாசி இல்லாமக் கல்லறையத் திறக்க மாட்டேன்னுட்டான் சர்ச் சாவி வெச்சிருக்கிற அந்தக் கபியார். நாலு நாள் கழிச்சு வான்னான். மீன் வாங்கற தெர்மக்கோல் பெட்டில உன் கால வெச்சுக்கிட்டு நாலு நாள் நான் எங்கடா போவேன்? சர்ச் மதிலோரம், அந்தப் பலாமரத்தடியில, நானே குழி தோண்டி, ஜெபம் சொல்லிப் புதைச்சேன். நீ ஆஸ்பத்திரில கையப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டியே, அப்ப சொல்ல வாய் வரல."

கை அவளுடையதில்லை, கால் அவளிடத்தில் இல்லை. இட்டூப்பு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். தின்ற சக்கைச் சுளைகள் நெஞ்சில் வந்து நின்றன. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ரோசம்மாவை வைத்துக் கல்லை மூடிய மதியம் திரும்ப வந்துவிட்டது.

"அப்ப அந்த ரெண்டு?" என்று கடைசியில் கேட்டார்.  "சுண்டுவிரலுக்கு ரெண்டு. அது உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கம்மாவுக்கு வாதம். ராத்திரி கால் பிடிச்சு விடணும். ரோசம்மாவும் நானும் சின்னதுலேருந்து ஆளுக்கு ஒண்ணு பிடிப்போம். யார் முதல்ல முடிக்கறதுன்னு போட்டி. சுண்டுவிரலுக்கு ரெண்டு தரணும்னு அம்மா சொல்லும்." வர்க்கி மடியிலிருந்த காலைப் பார்த்தார். "வலது கால் என் பங்கு. இடது கால் அவ பங்கு. ஒருநாளும் மாத்தினதில்ல. இந்தப் பக்கம் நான் பிடிக்க ஆரம்பிச்சாத்தான் அந்தப் பக்கம் அவ ஆரம்பிப்பா."

மழை கொஞ்சம் தணிந்திருந்தது. ஓட்டிலிருந்து சொட்டுகிற சத்தம் தனித்தனியாகக் கேட்டது. இட்டூப்பு தலையைத் திருப்பி வர்க்கியைப் பார்த்தார். பிறகு ஆன்சியை. பிறகு மெல்ல, யாரோ கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற மாதிரி, தன் வலது காலைப் பார்த்தார். நகம் வெட்டி, எண்ணெய் தடவி, ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்போடு அது வர்க்கியின் மடியில் கிடந்தது. பெரிய வியாழனுக்காகத் தேய்த்த அத்தனை வருஷத்திலும் அவர் அதை இப்படிப் பார்த்ததில்லை.

"நீ இந்தக் கால விட்டுட்டா?" என்று கேட்டார்.

"நான் எங்க விடறேன்? நீதான விடற."

"இதுவும் போச்சுன்னா?"

வர்க்கி போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார்.  இட்டூப்பு கண்ணை மூடினார். பஸ் வந்து வளைவில் நின்றது. நனைந்த குடையோடு ரோசம்மா கீழே நின்றுகொண்டிருந்தாள். இந்தத் தடவை அவள் ஏறவில்லை. படிக்கட்டில் நிற்கிற அவர் கால்கள் இரண்டையும் பார்த்துவிட்டு, வலது காலை விரலால் சுட்டிக் காட்டினாள்.

அவர் கண்ணைத் திறந்து சட்டையை வயிற்றுக்கு மேலே தூக்கினார்.

"ஆன்சி, அந்தப் பேனாவக் கொண்டா மோளே. எத்தனை திருகணும், நீயே பாத்துத் திருகு. என்னை நம்பாத."

ஆன்சி முதலில் விரலைக் குத்திப் பார்த்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு. டாக்டரைப் போனில் கூப்பிட்டு அளவு கேட்டு, அழுதுகொண்டே திருகி, அழுதுகொண்டே குத்தினாள். வலித்தது. வலிக்கிற இடம் இன்னும் உடம்பில் மிச்சமிருக்கிறதே என்று இட்டூப்பு நினைத்தார்.

"ஃபாதர்கிட்ட கடுதாசி வாங்கி, அந்தக் கால எடுத்து உரிய இடத்துல வை," என்றார் வர்க்கியிடம்.

"வைக்கிறேன்."

"அவசரம் ஒண்ணும் இல்ல. மழை விடட்டும்."

"சரி."

"நாளைக்கும் ரெண்டு மணி பஸ்தானே?"

"ரெண்டு மணி பஸ்தான்."

"பேப்பரும் கொண்டு வா. நான் தூங்க மாட்டேன், ஆனாலும் கொண்டு வா." இட்டூப்பு தலையணையில் சாய்ந்து, வலது காலை இன்னும் கொஞ்சம் அவர் மடிக்குத் தள்ளினார். "இப்ப எதுக்கு நிறுத்திட்ட? பிடி. அந்தப் பக்கம் அவ காத்துக்கிட்டு இருக்கா."